மலையேறித் தாலி கட்டுவது: கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் மாவட்டங்களில் விடுமுறை நாள்களில் மலையேறுபவர்களோடு வழித்துணையாகச் சென்று வருகிறேன். மண்டபமும் ஆயிரம் பேர் பந்தியும் வேண்டாம், நெருங்கிய சிலரோடு ஒரு மலையில் ஏறி அங்கேயே மாலை மாற்றிக்கொண்டால் போதும் என்று எண்ணும் இளைஞர்களை அண்மைக் காலமாக நிறையப் பார்க்கிறேன். அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிய விடைகள் பொதுவானவை. தமக்கென்று தனிச் சிக்கல் இருப்பவர்கள் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுவதே நல்லது.

ஏனுங்க, மலை மேல போயி தாலி கட்டுனா அது சட்டப்படி கல்யாணம் ஆகுமுங்களா?

ஆகும். திருமணம் மண்டபத்தில் நடந்ததா மலையில் நடந்ததா என்பதை இந்து திருமணச் சட்டம் (1955) பார்ப்பதில்லை. அது பார்ப்பவை வேறு: மணமகனுக்கு 21 வயதும் மணமகளுக்கு 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும், இருவருக்கும் உயிரோடிருக்கும் வேறு கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது, இசைவு தரும் மனநிலையில் இருவரும் இருக்க வேண்டும், சட்டம் விலக்கியுள்ள உறவுமுறைக்குள் வரக் கூடாது. கடைசியாகச் சொன்னதில் வழக்காறுக்கு இடமுண்டு என்பதால், நம் பக்கத்தில் நடக்கும் மாமன் மகள், அத்தை மகன் திருமணங்களுக்குத் தடையில்லை.

இவை சரியாக இருந்து, திருமணத்துக்குரிய செய்கையும் முறைப்படி நடந்தால், அந்தத் திருமணம் கல்யாண மண்டபத்தில் நடந்ததற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

ஐயரு வேணுமுங்களா? ஓமம் வளர்த்து ஏழு அடி வெக்கோணுமா?

கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாக இருவருக்கும் புரிகிற மொழியில் அறிவிப்பது, ஒருவருக்கொருவர் மாலையிடுவது அல்லது மோதிரம் அணிவிப்பது, தாலி கட்டுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நடந்தாலே அது செல்லத்தக்க திருமணம் என்று அந்தப் பிரிவு கூறுகிறது. இவ்வாறு நடந்த திருமணத்துக்குச் சப்தபதி இன்றியமையாதது அல்ல என்பதை உச்ச நீதிமன்றமும் 2001-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உறுதிசெய்திருக்கிறது.

ஐயர் வேண்டும் என்று குடும்பம் விரும்பினால் தாராளமாக அழைத்துச் செல்லலாம். மலைக்கோயில் என்றால் பெரும்பாலும் அங்குள்ள அர்ச்சகரே சுவாமி பாதத்தில் தாலியை வைத்து எடுத்துத் தருவார்.

நாங்க ரெண்டு பேரு மட்டும் போனாப் போதாதா? எதுக்குங்க சாட்சியெல்லாம்?

போதாது. மேலே சொன்ன 7-அ பிரிவே, பிறர் முன்னிலையில் நடக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஊர் கூட வேண்டும் என்பதோ, பலர் அறிய அறிவிக்க வேண்டும் என்பதோ அதன் பொருளன்று. 2023 ஆகஸ்ட் மாதம் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், 7-அ பிரிவின்படி நடக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்குப் பொது அறிவிப்பு தேவையில்லை என்றும், வழக்கறிஞர்கள்கூட நண்பர்கள் என்ற முறையில் சாட்சியாக இருக்கலாம் என்றும் தெளிவுபடுத்தியது.

மூன்று பேரை உடன் அழைத்துச் செல்லுங்கள் என்பதே எல்லோருக்கும் நான் கூறுவது. மூவரும் 18 வயது நிறைந்தவர்களாகவும், அடையாள அட்டை வைத்திருப்பவர்களாகவும், பிறகு பதிவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட ஆயத்தமானவர்களாகவும் இருக்க வேண்டும். அடுத்த வாரமே வெளிநாடு புறப்படும் நண்பரை மட்டும் நம்பிச் செல்லாதீர்கள்.

எந்த மலைக்குப் போலாமுன்னு நீங்களே சொல்லுங்க.

நடக்கும் ஆசையும் வழிபாட்டு உணர்வும் சேர்ந்து இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது சென்னிமலை. 1,320 படிகள், நடைப் பழக்கம் உள்ளவர் நின்று நின்று ஏறினாலும் ஒரு மணி நேரத்துக்குள் மேலே சென்றுவிடலாம், மேலே வரை சாலையும் உண்டு. கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்ற பெருமையால் சஷ்டி, கிருத்திகை, செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் மிகும். வேறு நாள் பார்ப்பது நல்லது. காங்கயத்தை ஒட்டிய சிவன்மலை படி குறைவானது, குழந்தைகளோடு வருபவர்களுக்கு ஏற்றது. அதே வட்டாரத்தில் கொங்கணச் சித்தரோடு சேர்த்துப் பேசப்படும் ஊதியூர் மலை கூட்டமின்றி அமைதியாக இருக்கும்.

திருச்செங்கோட்டில் 1,200-க்கும் மேற்பட்ட படிகள். அம்மையும் அப்பனும் ஓருருவாக நிற்கும் அர்த்தநாரீசுவரர் சந்நிதியில் திருமணம் செய்துகொள்வதைவிடப் பொருத்தம் வேறில்லை என்று கருதுபவர்கள் பலர். நானும் அப்படித்தான் கருதுகிறேன். மருதமலையின் அடிவாரம் யானை நடமாட்டம் உள்ள பகுதி. அதிகாலையிலும் இருட்டிய பிறகும் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு விதிப்பது உண்டு என்பதால் இருட்டோடு படியேறத் திட்டமிடாதீர்கள். பழனியில் விஞ்ச் எனப்படும் இழுவை ரயிலும் ரோப் காரும் இருப்பது பெரியவர்களுக்கு வசதிதான், ஆனால் ஆரவாரமற்ற திருமணத்தை நாடுபவர்களுக்கு அந்தக் கூட்டம் ஒத்துவராது.

பெரிய பெயர்கள் எதுவும் வேண்டாம் என்பவர்கள் தங்கள் ஊர்க் கரட்டையே, அதாவது சிறு குன்றையே, நினைத்துப் பார்க்கலாம். கொங்குச் சமவெளியில் ஊருக்கு ஒரு கரடும், அதன் மேல் ஒரு முருகனோ பெருமாளோ கன்னிமாரோ இருப்பது வழக்கம். ஊர்ப் பெரியவர்களிடமும் கோயில் தர்மகர்த்தாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். தாத்தா கிடாய் வெட்டிப் பொங்கல் வைத்த பாறையில் பேத்தி தாலி கட்டிக்கொள்வதில் இருக்கும் நிறைவு, முன்பின் அறியாத மலையில் வராது.

கோயில்ல கட்டறதுன்னா என்னென்ன காயிதம் கேப்பாங்க?

அறநிலையத் துறைக் கோயில்களில் அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வயதுக்குப் பிறப்புச் சான்று அல்லது பள்ளி மாற்றுச் சான்று, முகவரிக்கு ஆதார் போன்ற அட்டை, இருவரின் புகைப்படங்கள் ஆகியவை எங்கும் கேட்கப்படும். இதுவே முதல் திருமணம் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் அலுவலகச் சான்றும், இரு தரப்புப் பெற்றோரின் வருகையோ ஒப்புதலோ வேண்டும் என்றும் பல கோயில்களில் கேட்பார்கள். கோயிலுக்குக் கோயில் இந்த நடைமுறை மாறும் என்பதால், தேதி குறிப்பதற்கு முன்பே இருவரில் ஒருவர் நேரில் சென்று விசாரித்து வர வேண்டும்; தொலைபேசியில் கேட்டு வந்த விடையை நம்பி, முகூர்த்தத்தன்று படியேறி வந்து அலுவலக வாசலில் நின்று தவித்தவர்கள் உண்டு.

கட்டணம் செலுத்திய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திருமணம் இன்ன நாளில் இன்ன இடத்தில் நடந்தது என்பதற்கு அதுவே முதல் ஆதாரம். ஊர்க் கரட்டில் செய்துகொள்பவர்களுக்கு இத்தகைய ரசீது கிடைக்காது. அவர்கள் பத்துப் பேருக்குத் தரவேனும் ஒரு சிறிய அழைப்பிதழ் அச்சிட்டுக்கொள்வது பின்னால் உதவும்.

கோயிலெல்லாம் வேண்டாமுங்க. காட்டுக்குள்ள, யாருமே இல்லாத உச்சியில நின்னு கட்டிக்கோணும். வெள்ளியங்கிரி மாதிரி.

இந்த ஆசை எனக்குப் புரிகிறது, ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். வெள்ளியங்கிரியில் பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகளை மூங்கில் தடி ஊன்றி ஏறி இறங்க வேண்டும். மாசி முதல் வைகாசி வரையிலான சில மாதங்களுக்கு மட்டுமே வனத்துறை வழிவிடுகிறது, அப்போது இரவு முழுவதும் பக்தர் கூட்டம் வரிசையாக நகர்ந்துகொண்டிருக்கும். நீங்கள் தேடும் தனிமை அங்கே கிடைக்காது. 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் மூச்சுத் திணறலாலும் மாரடைப்பாலும் அங்கே பல உயிர்கள் போயின. திருமணத்துக்கு வரும் உறவினரை அந்த ஏற்றத்துக்கு உட்படுத்துவது முறையன்று.

மற்றக் காடுகளில் சட்டமே குறுக்கே நிற்கும். ஆனைமலை 2007 முதலும் சத்தியமங்கலம் 2013 முதலும் புலிகள் காப்பகங்கள். அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம். அங்கே கற்பூரமோ ஊதுவத்தியோ ஏற்றுவது அதைவிடப் பெரிய குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து சென்றவர்களும் அவர்களில் இருந்தார்கள் என்பதால் நம் வட்டாரத்தில் அந்தத் துயரை இன்றும் பேசுகிறார்கள். அதன்பிறகே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளை வகுத்தது.

காட்டில் நடந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் உள்ளன. இணையத்தில் முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். அதுவும் நடப்பதற்கான அனுமதியே தவிர, சடங்கு நடத்துவதற்கான அனுமதியன்று. தீ அபாயம் மிகுந்த கோடையில் பாதைகளை மூடியும் விடுவார்கள். தாலியைக் கோயிலில் கட்டிவிட்டு, மறுநாள் இருவரும் டாப்சிலிப் பக்கம் ஒரு பாதையில் நடந்து வாருங்கள்.

எந்த மாசத்துல வெச்சா நல்லா இருக்குமுங்க?

தை மாதத்துக்கு ஈடில்லை. மார்கழி கழிந்து முகூர்த்தங்கள் தொடங்கும், காலைக் குளிர் நீங்கியிருக்காது, மழையும் ஓய்ந்திருக்கும். தைப்பூசத்தை ஒட்டிய நாள்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள், சென்னிமலையிலும் சிவன்மலையிலும் தேர்த்திருவிழாக் கூட்டம் அலைமோதும். பங்குனி, சித்திரையில் காங்கயம், சென்னிமலைப் பக்கத்துப் பாறைகள் காலை பத்து மணிக்கே வெறுங்காலைச் சுடும். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று கோவை, திருப்பூர்ப் பக்கம் பலமாக வீசும். ஆடியில் எப்படியும் திருமணம் வைப்பதில்லை, ஆனியில் வைப்பவர்கள் விளக்கு அணையாமல் காக்க ஓர் ஆளை நிறுத்த வேண்டும். ஐப்பசியில் அடைமழை. ஆவணியும் கார்த்திகைப் பிற்பகுதியும் பரவாயில்லை.

பட்டுச்சேலை கட்டிட்டு ஆயிரம் படி ஏற முடியுமுங்களா?

ஏறலாம், ஆனால் மேலே போய்ச் சேரும்போது முந்தானையிலிருந்து கொசுவம் வரை வியர்வையில் நனைந்திருக்கும். பருத்திச் சேலையிலோ சுடிதாரிலோ ஏறிவிட்டு, மேலே மாற்றிக்கொள்வதே நல்லது. உடை மாற்ற இடம் உண்டா என்பதை முதலில் கோயிலுக்கு விசாரிக்கச் செல்லும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மணமகனுக்கும் இதே அறிவுரைதான்: வேட்டியை மடித்துக் கட்டி ஏறலாம், முகூர்த்த வேட்டி பையில் இருக்கட்டும்.

மாலைகளை ஈரத் துணியில் சுற்றி மூங்கில் கூடையில் வைத்து, மேலே துணியால் இறுக்கிக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். மலைக்கோயில் குரங்குகள் வாழைப்பழச் சீப்பை மட்டுமல்ல, சம்பங்கி மாலையையும் விட்டுவைப்பதில்லை. தாலியை யாராவது ஒருவர் மடியில் முடிந்துகொண்டு வரட்டும். அவர் வேறு எதையும் சுமக்க வேண்டாம். ஏறி முடித்த கையோடு தாலி கட்டவும் உட்காராதீர்கள். படியேறி வந்தவரின் விரல்கள் சற்று நேரம் நடுங்கிக்கொண்டே இருக்கும். மஞ்சள் பூசிய சரடு ஈரத்தில் வழுக்கும். முதல் முடிச்சே இறுகாமல் நழுவும். கால் மணி நேரம் உட்கார்ந்து, கை கால் கழுவி, தண்ணீர் குடித்து, மூச்சு சீரான பிறகு தொடங்குங்கள். முகூர்த்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஏறும் நேரத்தோடு இந்த ஓய்வையும் சேர்த்தே அடிவாரத்திலிருந்து புறப்பட வேண்டும்.

அப்பிச்சி, அம்முச்சிக்கெல்லாம் ஏற முடியாதுங்களே?

அவர்கள் ஏற வேண்டியதில்லை. சென்னிமலை, சிவன்மலை, மருதமலை, திருச்செங்கோடு நான்கிலும் மேலே வரை வாகனம் செல்லும். மணமக்களும் இளையவர்களும் படிவழியில் ஏறட்டும், பெரியவர்கள் வண்டியில் வந்து மேலே காத்திருக்கட்டும். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருப்பவர்கள் வெறும் வயிற்றில் வருவதைத் தடுத்து, ஆளுக்கு ஒரு வாய் சந்தகையேனும் சாப்பிட வைத்து அழைத்து வாருங்கள்.

பந்தியை மேலே வைக்காதீர்கள். அடிவாரத்தில் ஒரு வீட்டிலோ சிறு மண்டபத்திலோ இலை போட்டு, கச்சாயமும் ஒப்புட்டும் வைத்து நிறைவாகப் பரிமாறலாம். மேலே எடுத்துச் செல்லும் எதுவும் மஞ்சப்பையில் போகட்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் தடை உண்டு.

இணைச்சீரு, மங்கல வாழ்த்தெல்லாம் விட்டுப் போயிருமுங்களா? எங்க ஆத்தா அதுக்குத்தான் அழுகறாங்க.

விட்டுப்போக வேண்டியதே இல்லை. கொங்கு வேளாளர் முதலிய சமூகங்களில் புரோகிதருக்கு மாறாக, சமூகத்துப் பெரியவரான அருமைக்காரரே திருமணத்தை நடத்துவது வழிவழி வந்த முறை. அந்த முறைக்கு மண்டபம் அவசியமில்லை, அருமைக்காரர்தான் அவசியம். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் முன்னின்று நடத்தும் இணைச்சீர் எப்படியும் தாலி கட்டுவதற்கு முந்திய சீர் என்பதால், அதை முதல்நாள் இரவு வீட்டிலேயே உறவினர் சூழச் செய்துவிடலாம். அக்காள் தங்கைகளுக்கும் மனக்குறை இராது. அருமைக்காரர் வண்டியில் மலைக்கு வந்து தாலியை எடுத்துக் கொடுக்கலாம்.

மங்கல வாழ்த்தை மலையிலேயே பாடச் சொல்லுங்கள். குடிமகன் எனப்படும் நாவிதர் நின்று ஒவ்வொரு அடியாகச் சொல்ல, இடையிடையே மத்தளம் ஒலிக்க, ஒலிபெருக்கியின் இரைச்சலும் இலைக்கு ஓடும் கூட்டமும் இல்லாமல் அதை முழுமையாகக் கேட்கும் வாய்ப்பு மண்டபத்தில் இன்று யாருக்கும் கிடைப்பதில்லை. அந்த வரிகளைத் தெரிந்து பாடுபவர்கள் ஊருக்கு ஊர் குறைந்துவருகிறார்கள். அவர்களைத் தேடி அழைத்து, உரிய மரியாதையும் நல்ல சன்மானமும் கொடுத்து அனுப்புங்கள். சாதி கடந்த திருமணம் என்றால் இரு வீட்டுச் சீர்களிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அழகாகவே அமைந்தது.

எங்கப்பா இத்தன வருசமா ஊரெல்லாம் மொய் வெச்சிருக்காரு. இருவது பேரு போதும்னு அவருகிட்ட எப்படீங்க சொல்றது?

பெற்றோர் மறுக்கும் பல வீடுகளில் உண்மையான காரணம் இதுதான், ஆனால் வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். மொய் என்பது அவர்கள் கண்ணில் வெறும் பணமன்று. பங்காளி வீட்டு விசேஷத்துக்கு வேலையை விட்டுவிட்டுப் போனதும், நோட்டில் பெயர் எழுதியதும், தம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கையும் சேர்ந்ததே அது. திருமணத்தைச் சுருக்கினால், அவர்களை மதிக்கவில்லை என்று ஊர் பேசுமே என்ற அச்சம் அப்பாவுக்கு இருக்கும். அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிடாதீர்கள்.

தாலி கட்டுவதை மலையில் இருபது பேரோடு வைத்துக்கொண்டு, சில வாரங்கள் கழித்து ஊரில் ஒருநாள் விருந்து வைக்கலாம். விருந்தையும் விரும்பாதவர்கள், முக்கியமான உறவினர் வீடுகளுக்கு முன்கூட்டியே மணமக்களே நேரில் போய், தட்டு வைத்துச் சொல்லி, திருமணம் முடிந்த பிறகும் போய்க் காலில் விழுந்து வர வேண்டும். “எங்களைக் கூப்பிடவே இல்லை” என்ற வருத்தத்தை அழைப்பிதழைவிட நேரில் போய் நிற்பதே தணிக்கும். எவருக்குமே சொல்லாமல் முடித்துவிட்டுப் பிறகு கைப்பேசியில் படத்தை அனுப்புவது மட்டும் வேண்டாம். சிறிதாகச் செய்வதற்கு ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை.

போட்டோ, வீடியோ, ட்ரோனு எல்லாம் விடுவாங்களா?

கருவறையைப் படமெடுக்க எங்கும் விடமாட்டார்கள். பழனி மலைக்கோயிலில் 2023 அக்டோபர் 1 முதல் கைப்பேசிக்கே தடை. மற்றக் கோயில்களில் வெளிப் பிராகாரத்திலும் படிகளிலும் எடுக்க அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். ட்ரோனை மறந்துவிடுங்கள், கோயிலுக்கும் காட்டுக்கும் மேலே அதைப் பறக்கவிடத் தனி அனுமதி வேண்டும், காட்டோரத்தில் அது பறவைக்கும் யானைக்கும் தொல்லை. தாலி கட்டும் நேரத்தில் சாட்சிகளின் முகமும் தெரியும்படி ஓரிரு படங்கள் கட்டாயம் எடுத்து வையுங்கள்.

பதிவு எப்ப, எங்கீங்க பண்ணோணும்?

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் (2009) எல்லா மதத்தினரின் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. தவறினால் கூடுதல் கட்டணம் செலுத்தி 150 நாள் வரை பதிவு செய்யலாம். பதிவுத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி நேரம் பெற்று, சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சாட்சிகளோடு செல்ல வேண்டும். கோயில் ரசீது அல்லது அழைப்பிதழ், வயது, முகவரிச் சான்றுகள், புகைப்படங்கள் ஆகியவற்றின் அசலும் நகலும் கையில் இருக்கட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பதிவு என்பது நடந்த திருமணத்துக்கான சான்று. நடக்காத திருமணத்தை அது உண்டாக்காது. சடங்கு ஏதும் நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களின் வழக்கில், அது இந்து திருமணச் சட்டப்படி திருமணமே ஆகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எனவே விசா அவசரம் என்று முதலில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, பிறகு ஆற அமர மலைக்குப் போகலாம் என்று எண்ணாதீர்கள்; வரிசையை மாற்றினால் இரண்டுமே கேள்விக்குள்ளாகும்.

அவ கிறிஸ்டியனுங்க, நான் இந்து. மலையில கட்டுனாச் செல்லுமுங்களா?

7-அ பிரிவு இருவரும் இந்துக்களாக இருந்தால் மட்டுமே பொருந்தும் (சட்டம் பௌத்தர், சமணர், சீக்கியரையும் அதில் சேர்த்தே எண்ணுகிறது). உங்களுக்கு உரியது சிறப்புத் திருமணச் சட்டம் (1954). இருவரில் ஒருவராவது 30 நாள் தங்கியிருக்கும் மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுத்து, அது பார்வைக்கு வைக்கப்படும் 30 நாள் கழிந்த பிறகு, மூன்று சாட்சிகள் முன்னிலையில் திருமணம் செய்துகொள்ளலாம். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

பலர் அறியாத ஒன்று, அலுவலகத்திலிருந்து நியாயமான தொலைவுக்குள் மணமக்கள் விரும்பும் வேறிடத்திலும், கூடுதல் கட்டணம் செலுத்தி, திருமணத்தை நடத்தலாம் என்று அந்தச் சட்டமே இடம் தருகிறது. அலுவலர் மலைக்கு வர இசைவாரா என்பது கேட்டுப் பார்க்க வேண்டியது. இசையாவிட்டால் காலையில் அலுவலகத்தில் கையெழுத்து, மாலையில் மலையில் மாலை மாற்றுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குத் தெரியாம மலைக்குப் போயி கட்டிக்கிட்டா யாரும் தடுக்க முடியாதில்லீங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சாதி மாறி விரும்பியவர்கள். வயது நிறைந்த இருவர் தம் விருப்பப்படி மணந்துகொள்வதற்குக் குடும்பத்தின் ஒப்புதலோ ஊரின் ஒப்புதலோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-இலும் 2018-இலும் ஐயத்துக்கு இடமின்றிக் கூறியிருக்கிறது. வள்ளியை வேடர் அறியாமல் அழைத்துச் சென்ற முருகனைத்தான் நாம் மலைதோறும் கும்பிடுகிறோம். உங்கள் விருப்பத்தில் குற்றம் ஏதுமில்லை.

ஆனால் உயிருக்கு அச்சுறுத்தல் இருக்கும் என்றால் மலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏறவும் இறங்கவும் ஒன்றிரண்டு வழிகளே உள்ள, கைப்பேசி அலை விட்டுவிட்டு வரும், எல்லோருக்கும் தெரிந்த கோயில், தேடி வருபவர்களுக்கு மிக எளிதான இடம். 2015-இல் திருச்செங்கோடு மலைக்கோயிலில் தன் தோழியோடு இருந்த பட்டியல் சாதி இளைஞர் அங்கிருந்தே கடத்திக் கொல்லப்பட்டார். 2022-இல் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2016-இல் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே, சாதி கடந்து மணந்த இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். நம் மண்ணில் நடந்த இவற்றை எண்ணாமல் யாருக்கும் நான் வழி சொல்வதில்லை.

முதலில் நம்பகமான வழக்கறிஞரைப் பாருங்கள். அவர் அலுவலகத்திலேயே, முன்பு சொன்ன 2023 தீர்ப்பின்படி, மாலை மாற்றிக்கொள்ளலாம். வயதுச் சான்றுகளோடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் பாதுகாப்புக் கேட்டு மனு அளியுங்கள். இத்தகைய இணையர்களுக்குப் பாதுகாப்பு அளிப்பதும் தங்குமிடம் ஏற்பாடு செய்வதும் பற்றி 2018 தீர்ப்பில் வழிகாட்டுதல்கள் உள்ளன. உடனடி ஆபத்துக்கு 112, பெண்களுக்கு 181. வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுத்திருந்தால் ஒளியாமல் வழக்கறிஞரோடு காவல் நிலையம் சென்று, சொந்த விருப்பத்தில் வந்ததாக வாக்குமூலம் கொடுங்கள். மலைக்கு அச்சம் தணிந்த பின் எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

பொண்ணுக்குப் பதினெட்டாக இன்னும் மூணே மாசந்தானுங்க. மலையில கட்டிட்டு அப்பறமாப் பதிவு பண்ணிக்கறோமே?

கூடாது. மூன்று நாள் குறைந்தாலும் கூடாது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் (2006), குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் (2012) பாய்ந்து, மாப்பிள்ளை மட்டுமல்ல, உடன் வந்த நண்பர்களும் நடத்தி வைத்தவர்களும் வழக்கில் சேர்க்கப்படுவார்கள். காத்திருங்கள்.

எனக்கு மின்னமே ஒரு கல்யாணம் ஆயி விவாகரத்து ஆயிருச்சுங்க. ரெண்டாவது கல்யாணம் ஆரவாரமில்லாம மலையில வெச்சுக்கலாமுங்களா?

தாராளமாக. மறுமணம் செய்பவர்களுக்கு மலைக்கோயில் திருமணம் மிகவும் பொருந்துகிறது. கேள்வி கேட்கும் கண்களுக்கு நடுவே மேடையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் பஞ்சாயத்தில் எழுதி வாங்கிய விடுதலைச் சீட்டைப் பெரும்பாலும் சட்டம் விவாகரத்தாக ஏற்காது. நீதிமன்றத் தீர்ப்பாணை வேண்டும். மேல்முறையீட்டுக்கான 90 நாள் கழிந்த பிறகே நாள் குறியுங்கள். கோயிலில் முதல் திருமணச் சான்று கேட்குமிடத்தில் இந்தத் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலைக் காட்டி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். துணையை இழந்தவர்கள் என்றால் இறப்புச் சான்று போதும்.

மலையில கட்டி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு, பதிவே பண்ணலீங்க. கோயில் ரசீதும் தொலஞ்சு போச்சு. இப்ப என்ன பண்றது?

பதிவு செய்யாததால் உங்கள் திருமணம் இல்லாமல் போய்விடவில்லை. தேதியைச் சொல்லிக் கோயில் அலுவலகத்தில் கேளுங்கள். திருமணப் பதிவேட்டில் பார்த்து நகல் தருவார்கள். அன்று எடுத்த படங்களையும், அப்போது உடனிருந்த சாட்சிகளையும் தேடிப் பிடியுங்கள். அவற்றோடு சார்பதிவாளரைப் பார்த்து, 150 நாள் கடந்த நிலையில் உங்களுக்கு எந்தச் சட்டப்படிப் பதிவு செய்ய இயலும் என்று கேட்க வேண்டும்.

அங்கே வழியில்லை என்றால், மேலே சொன்ன சிறப்புத் திருமணச் சட்டத்திலேயே, ஏற்கெனவே சடங்கு நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய 15-ஆம் பிரிவு உள்ளது. திருமணம் ஆனது முதல் இருவரும் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். பதிவின்போது பெண்ணுக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். 30 நாள் அறிவிப்புக் காலமும் உண்டு. இதன்படி பதிவானால், நீங்கள் மலையில் தாலி கட்டிய பிறகு பிறந்த குழந்தைகளும் சட்டத்தின் பார்வையில் எக்குறையுமின்றி உங்கள் பிள்ளைகளே என்பதையும் அந்தச் சட்டமே உறுதிசெய்கிறது.